51 விழுக்காடு யாருடையது? அரசுக் கொள்முதலில் தலித் உற்பத்தியாளருக்கான தகுதி விதிகள்

ஒன்றிய அரசின் அமைச்சகங்களும் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுதோறும் வாங்கும் பொருள்களிலும் சேவைகளிலும் 4 விழுக்காடு, பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ உரிமையாளராக உள்ள குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்கப்பட வேண்டும். குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், 2006-இன் 11ஆம் பிரிவின் கீழ் 2012 மார்ச் 23 அன்று பிறப்பிக்கப்பட்டு, அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பொதுக் கொள்முதல் கொள்கை ஆணை இதைக் கூறுகிறது. பதின்மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டன. இலக்கின் பாதியைக்கூடத் தொடாத ஆண்டுகளே இதுவரை மிகுதி.

இந்தத் தோல்விக்கு அதிகாரிகள் தரும் வழக்கமான விளக்கம், தகுதியுள்ள தலித் உற்பத்தியாளர்கள் போதிய எண்ணிக்கையில் கிடைக்கவில்லை என்பது. ‘தகுதி’ என்ற அந்தச் சொல்லை யார் எவ்வாறு வரையறுக்கிறார்கள் என்பதையே இக்கட்டுரையில் பார்க்கிறோம். உரிமையாளர் யார் என்று தீர்மானிக்கும் விதி ஒன்று. ஒப்பந்தப்புள்ளியில் பங்கேற்கத் தகுதி எது என்று தீர்மானிக்கும் விதிகள் வேறு. முதலாவது எளிதாகவும் ஒரு முக்கியமான இடத்தில் ஓட்டையாகவும் இருக்கிறது. இரண்டாவதுதான் பெரும்பாலோரை வெளியே நிறுத்துகிறது.

4 என்ற எண்ணைப் பற்றி முதலில் ஒரு குறிப்பு. 2012 ஆணையில் குறு, சிறு நிறுவனங்களுக்கான மொத்த இலக்கு 20 விழுக்காடு. அதில் ஐந்தில் ஒரு பங்காகத்தான் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான 4 விழுக்காடு கணக்கிடப்பட்டது. 2019 ஏப்ரல் முதல் மொத்த இலக்கு 25 விழுக்காடாக உயர்த்தப்பட்டு, பெண் உரிமையாளர்களுக்கு 3 விழுக்காடு புதிதாகச் சேர்க்கப்பட்டது. 4 மட்டும் 4 ஆகவே நின்றது. ஐந்தில் ஒன்று என்ற பழைய விகிதம் தொடர்ந்திருந்தால் அது 5 ஆகியிருக்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு, பழங்குடியினர் 8.6 விழுக்காடு. நாட்டு மக்களில் நான்கில் ஒரு பங்கினருக்கு அரசுச் சந்தையில் இருபத்தைந்தில் ஒரு பங்கு என்பதே ஏட்டளவிலான உச்சவரம்பாக இருக்கிறது.

உரிமையாளர் என்பதற்கான வரையறை

நிறுவனம் மூன்று வடிவங்களில் ஒன்றாக இருக்கலாம் என்று விதிகள் கருதுகின்றன. தனியுரிமை நிறுவனமாக இருந்தால் அதன் உரிமையாளர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராகவோ பழங்குடியாகவோ இருக்க வேண்டும். கூட்டாண்மை நிறுவனமாக இருந்தால் பட்டியல் சாதி, பழங்குடிப் பங்காளிகளிடம் குறைந்தது 51 விழுக்காடு பங்கு இருக்க வேண்டும். பிரைவேட் லிமிடெட் நிறுவனமாக இருந்தால் பட்டியல் சாதி, பழங்குடி நிறுவுநர்களிடம் குறைந்தது 51 விழுக்காடு பங்கு இருக்க வேண்டும். ஒருவரிடமே 51 இருக்க வேண்டியதில்லை. பட்டியல் சாதிப் பங்காளி ஒருவரிடம் 30, பழங்குடிப் பங்காளி ஒருவரிடம் 21 என்று இருந்தாலும் போதும்.

கூட்டுறவுச் சங்கமும் மகளிர் சுய உதவிக் குழுவும் இந்த மூன்று வடிவங்களில் அடங்கவில்லை. தோல் தொழிலிலும் பனைத் தொழிலிலும் கைத்தறியிலும் உழைப்பாளர்களே சேர்ந்து உரிமையாளராகும் வடிவம் கூட்டுறவுதான். உறுப்பினர் அனைவரும் தலித்துகளாக உள்ள ஒரு சங்கம் 51 விழுக்காட்டுக் கணக்கில் எங்கே நிற்கிறது என்பதற்கு இந்த வரையறையில் விடை இல்லை.

சாதியை மெய்ப்பிப்பது சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியரும், பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியரும் அதை வழங்குகிறார்கள். பழங்குடிச் சான்று பெறுவதற்கே தலைமுறைகளாகப் போராடும் சமூகங்கள் இங்கே இருக்கின்றன. அவர்களுக்குத் தொழில் பதிவு என்பது அந்தப் போராட்டம் முடிந்த பிறகு வரும் அடுத்த கதை.

கிறித்தவர்களாக உள்ள தலித்துகளுக்கு இந்தக் கதவு அடைத்தே இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை முதலில் இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவராகவோ இசுலாமியராகவோ உள்ள தலித் ஒருவர், தன் ஊரில் எந்தத் தெருவில் வாழ்ந்தாலும், கொள்முதல் ஆணையின் கண்ணில் பட்டியல் சாதியினர் அல்லர். தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளார். 4 விழுக்காட்டில் அவருக்குப் பங்கில்லை. மதச் சிறுபான்மையினருக்கென்றும் ஒன்றியக் கொள்முதலில் தனி இலக்கு கிடையாது என்பதால் அந்த வழியிலும் அவர் நுழைய முடியாது. 2007-இல் இரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மத வேறுபாட்டை நீக்கப் பரிந்துரைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை இதையே வலியுறுத்தித் தீர்மானம் நிறைவேற்றியது. சட்டநிலை மாறவில்லை. பழங்குடியினருக்கு இந்த மதக் கட்டுப்பாடு இல்லை என்பதையும் இங்கே குறித்துவைக்க வேண்டும்.

திருமணம் பற்றிய ஐயம் அடிக்கடி எழுப்பப்படுகிறது. சாதி பிறப்பால் அமைவது, திருமணத்தால் மாறாது என்பதே உச்ச நீதிமன்றம் 1996-இல் வல்சம்மா பால் வழக்கிலும் 2018-இல் சுனிதா சிங் வழக்கிலும் எடுத்த நிலை. ஆகவே ஆதிக்கச் சாதி ஆணை மணந்த தலித் பெண்ணின் நிறுவனம் தகுதியை இழப்பதில்லை. தலித் ஆணை மணந்ததால் ஆதிக்கச் சாதிப் பெண்ணின் நிறுவனம் தகுதி பெறுவதும் இல்லை. சாதி மறுப்புத் திருமணத்தில் பிறந்த பிள்ளைகள் எந்தச் சூழலில் வளர்ந்தார்கள், தலித் பெற்றோருக்குரிய இழிவையும் இடர்ப்பாட்டையும் அவர்களும் சுமந்தார்களா என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்று 2012-இல் ரமேஷ்பாய் நாய்கா வழக்கில் நீதிமன்றம் கூறியது.

பங்கு கேட்கிறது, கட்டுப்பாட்டைக் கேட்கவில்லை

51 விழுக்காடு பங்கு யாரிடம் இருக்கிறது என்று கேட்கும் விதி, நிறுவனத்தை நடத்துவது யார் என்று கேட்பதில்லை.

இது தற்செயலான விடுபடல் என்று எங்களால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஏனெனில் இதே அரசு, கடன் கொடுக்கும்போது இக்கேள்வியைக் கேட்கிறது. 2016 ஏப்ரலில் தொடங்கிய ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டத்தில் 10 இலட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை கடன் பெற, 51 விழுக்காடு பங்கோடு கட்டுப்படுத்தும் உரிமையும் பட்டியல் சாதி, பழங்குடியினர் அல்லது பெண்ணிடம் இருக்க வேண்டியிருந்தது. பட்டியல் சாதியினருக்கான துணிகர முதலீட்டு நிதியம் தொடங்கப்பட்டபோது வகுத்த விதி இன்னும் கடுமையானது: 60 விழுக்காடு பங்கும் மேலாண்மைக் கட்டுப்பாடும் வேண்டும். தன் பணம் திரும்பி வருமா என்ற கவலை உள்ள இடத்தில் அரசு கட்டுப்பாட்டைச் சோதிக்கிறது. தலித்துக்குப் போய்ச் சேருமா என்பது மட்டுமே கவலையாக உள்ள இடத்தில் பங்குப் பத்திரத்தோடு நின்றுவிடுகிறது.

இந்த ஓட்டையின் வழியே பினாமி நுழைகிறது. அதன் வடிவம் தொழில் வட்டாரங்களில் பலரும் அறிந்தது. முதல் போடுபவர் ஆதிக்கச் சாதிக்காரர். அவரிடம் பல ஆண்டுகள் வேலை பார்த்த மேற்பார்வையாளரோ ஓட்டுநரோ 51 விழுக்காடு பங்காளி ஆக்கப்படுகிறார். பங்குக்கான பணம் முதலாளி தந்த ‘கடன்’. தொழிற்கூட நிலம் முதலாளியின் மனைவி பெயரில் குத்தகை. இயந்திரங்கள் முதலாளியின் இன்னொரு நிறுவனத்திலிருந்து வாடகை. காசோலையில் கையெழுத்திடும் அதிகாரம் 49 விழுக்காட்டுக்காரருக்கு. ஆண்டு முடிவில் இலாபம் வாடகையாகவும் வட்டியாகவும் வெளியேறிவிட, 51 விழுக்காட்டுக்காரர் தம் பழைய மாதச் சம்பளத்தோடு நிற்கிறார். வருமான வரி அறிவிக்கை வந்தால் மட்டும் அது அவர் பெயருக்கு வரும். 51 விழுக்காட்டு விதியின்படி இந்த நிறுவனம் முழுத் தகுதி உடையது. அது பெறும் ஒவ்வொரு கொள்முதல் ஆணையும் 4 விழுக்காட்டுக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது.

இந்தியாவில் இந்தச் சிந்தனை வளர்ந்த வரலாற்றை எண்ணிப் பார்த்தால் இந்த விடுபடல் மேலும் உறுத்துகிறது. 2002 சனவரியில் போபாலில் கூடிய தலித் மாநாடு வெளியிட்ட போபால் பிரகடனம், அரசுக் கொள்முதலிலும் ஒப்பந்தங்களிலும் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் பங்கு கேட்டது. அன்றைய மத்தியப் பிரதேச அரசு அதை ஓரளவு நடைமுறைப்படுத்தவும் செய்தது. அக்கோரிக்கைக்கு முன்மாதிரியாக இருந்தது அமெரிக்கக் கறுப்பின மக்கள் போராடிப் பெற்ற ஏற்பாடு. 51 விழுக்காடு என்ற வரம்பு அங்கும் உண்டு. ஆனால் அங்கே கூட்டாட்சி அரசின் 8(ஏ) திட்டத்தில் அந்தப் பங்கு நிபந்தனையற்றதாக இருக்க வேண்டும். நிறுவனத்தின் உயர்ந்த பொறுப்பை ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவரே வகிக்க வேண்டும். அன்றாட மேலாண்மையும் நீண்டகால முடிவுகளும் அவர் கையில் இருக்க வேண்டும். சிறுபான்மைப் பங்கு வைத்திருக்கும் வெளியார் தடுப்புரிமை வழியாக முடிவுகளை முடக்கும் ஏற்பாடு இருந்தால் விண்ணப்பம் தள்ளுபடியாகும். அந்த ஏற்பாட்டை அமெரிக்க நீதிமன்றங்கள் 1989-இன் கிரோசன் தீர்ப்பு முதல் தொடர்ந்து நெருக்கி வருகின்றன என்பது வேறு செய்தி. நாம் அங்கிருந்து எண்ணை எடுத்துக்கொண்டோம். எண்ணோடு சேர்ந்திருந்த கேள்விகளை எடுத்துக்கொள்ளவில்லை.

எதிர்த்தரப்பு வாதம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். கட்டுப்பாட்டுச் சோதனை கடுமையானால் உண்மையான தலித் தொழில்முனைவோர்தாம் முதலில் சிக்குவார்கள். நிலமும் குடும்பச் சொத்தும் இல்லாத ஒருவர், தலித் அல்லாத ஒருவரின் முதலைச் சேர்த்துக்கொள்ளாமல் உற்பத்தித் தொழில் தொடங்குவது கடினம். அந்தப் பங்காளி சில பாதுகாப்புகளைக் கேட்பது இயல்பு. ஐயத்தோடு அணுகும் அதிகாரி ஒவ்வொரு பாதுகாப்பையும் பினாமி என்று முத்திரை குத்தக்கூடும். இந்த அச்சம் நியாயமானது. ஆகவே புதிய ஆவணங்களைக் கேட்பதில் பயனில்லை. ஆவணம் உருவாக்குவதில் பினாமிக்காரரைவிட வல்லவர் யாரும் இல்லை. தொழிற்கூடத்துக்கு நேரில் சென்று, வங்கிக் கணக்கை இயக்குபவர் யார், மூலப்பொருள் வாங்க முடிவெடுப்பவர் யார், உரிமையாளர் நினைத்தால் மேலாளரை நீக்க முடியுமா என்று கேட்பதே போதும். இந்தக் கேள்விகளுக்கு உண்மையான உரிமையாளர் தயங்காமல் விடை சொல்வார்.

51-க்கு இன்னொரு பக்கமும் உண்டு. வளரும் நிறுவனம் வெளி முதலீட்டைப் பெற்று, நிறுவுநரின் பங்கு 51-க்குக் கீழே இறங்கினால், அதே நாளில் அது தகுதியை இழக்கிறது. மூன்று தலைமுறைச் சொத்து உள்ளவருக்குப் பங்கைக் கரைக்காமல் வளர வழி இருக்கிறது. முதல் தலைமுறைத் தலித் முதலாளிக்கு, சிறியவராகவே இருப்பது அல்லது தகுதியை விடுவது என்ற இரண்டே வழிகள்.

பதிவும் உற்பத்தியாளர் என்ற நிபந்தனையும்

2020 சூலை 1 முதல் குறு, சிறு நிறுவனம் என்பதற்கான அடிப்படைச் சான்று உத்யம் பதிவு. ஆதார் எண்ணும் பான் எண்ணும் போதும், கட்டணம் இல்லை, தன்னறிவிப்பே அடிப்படை. சமூகப் பிரிவையும் விண்ணப்பதாரரே குறிக்கிறார். சாதிச் சான்றிதழ், கொள்முதல் செய்யும் அமைப்பு கேட்கும்போது தேவைப்படும். இதற்குமேல் தேசிய சிறுதொழில் கழகத்தின் ஒருமுனைப் பதிவுத் திட்டம் இருக்கிறது. அதில் தொழிற்கூட ஆய்வு உண்டு. உற்பத்தி தொடங்கி ஓராண்டு நிறையாதவர்களுக்கு 5 இலட்ச ரூபாய் வரம்போடு தற்காலிகச் சான்று தருகிறார்கள். 2016 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய பட்டியல் சாதி, பழங்குடியினர் மையம் வழியாக இக்கட்டணம் பெயரளவுக்குக் குறைக்கப்பட்டுள்ளது.

இந்தச் சலுகைகள் வணிகருக்குக் கிடையாது. உத்யம் பதிவில் 2021 சூலை முதல் வணிகர்களும் சேர்க்கப்பட்டாலும், அது முன்னுரிமைக் கடனுக்காக மட்டுமே. ஜெம் இணையதளத்தில் பொருள் வழங்கும் ஒப்பந்தப்புள்ளிகளில், முன்னுரிமை கோருபவர் தாம் வழங்கும் அந்தப் பொருளின் உற்பத்தியாளராகவே இருக்க வேண்டும் என்று நிபந்தனை எழுதப்படுகிறது. இந்த நிபந்தனையில் எங்களுக்கு எதிர்ப்பில்லை. பெட்டியைப் பிரிக்காமல் வாங்கி விற்பவருக்கு உற்பத்தியாளரின் பங்கு போகக் கூடாது. ஆனால் உத்யம் பதிவில் குறிக்கப்படும் தொழில் குறியீடு தவறாக இருந்தால் உண்மையான உற்பத்தியாளரும் வணிகராகவே பார்க்கப்படுவார். கணினி மையத்தில் பதிவு செய்துகொள்பவர்கள் இந்தக் குறியீட்டை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

வேலைக்கூலி அடிப்படையில் இயங்கும் பட்டறைகளின் நிலைதான் எங்களை அதிகம் கவலைகொள்ளச் செய்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதித் தோல் தொழிலையும் கோவையின் கடைசல் பட்டறைகளையும் எண்ணிப் பாருங்கள். பெரிய நிறுவனம் தோலையோ வார்ப்பையோ கொடுக்கும். சிறு பட்டறை வெட்டியும் தைத்தும் கடைந்தும் திருப்பித் தரும். பட்டறையின் விலைப்பட்டியலில் ஏறுவது கூலி மட்டுமே, பொருளின் மதிப்பு அன்று. ஆண்டுக்கு 1 கோடி ரூபாய் பெறுமானமுள்ள காலணிகளைத் தைக்கும் ஒரு பட்டறையை நினைத்துக்கொள்வோம். அதன் விற்றுமுதல் என்று வரிக் கணக்கில் தெரிவது அதில் ஒரு சிறு பகுதியே. பொருளில் வேறொருவரின் வணிகப் பெயர் இருக்கும். தரச்சான்றும் சோதனை அறிக்கையும் வேறொருவர் பெயரில் இருக்கும். உற்பத்தித் திறன் முழுவதும் இந்தப் பட்டறையில். உற்பத்தியாளர் என்று காட்டும் தாள் முழுவதும் அந்த நிறுவனத்தில்.

ஒப்பந்தப்புள்ளியில் தொடங்கும் இரண்டாவது தகுதி

சான்று பெற்ற நிறுவனத்துக்கு ஒப்பந்தப்புள்ளிப் படிவம் இலவசம். முன்வைப்புத் தொகையிலிருந்து விலக்கு உண்டு. இவை உண்மையான பயன்கள். ஆனால் ஒப்பந்தம் கிடைத்த பிறகு கட்ட வேண்டிய செயல்பாட்டுப் பிணைத்தொகைக்கு இந்த விலக்கு இல்லை. பொது நிதி விதிகளின்படி அது ஒப்பந்த மதிப்பில் 3 முதல் 10 விழுக்காடு வரை. வங்கி உத்தரவாதமாகக் கொடுக்கலாம் என்பார்கள். ஈடு காட்டச் சொத்து இல்லாதவருக்கு வங்கி உத்தரவாதம் என்பது அந்தத் தொகையை ரொக்கமாக முடக்குவதுதான்.

அடுத்து முன்னனுபவமும் விற்றுமுதலும். கடந்த மூன்று ஆண்டுகளில் இவ்வளவு ரூபாய் விற்றுமுதல், இவ்வளவு ஆண்டுகள் இதே பொருளை அரசுக்கு வழங்கிய அனுபவம் என்று நிபந்தனைகள் எழுதப்படுகின்றன. குறு, சிறு நிறுவனங்களுக்கு இவற்றைத் தளர்த்தலாம் என்று 2016 மார்ச்சில் அமைச்சகம் சுற்றறிக்கை அனுப்பியது. தளர்த்தலாம், தளர்த்த வேண்டும் என்று இல்லை. ஜெம் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே இதற்கான இரண்டு வரிகள் இருக்கும்: அனுபவத்தில் விலக்கு உண்டா, விற்றுமுதலில் விலக்கு உண்டா. வாங்கும் அதிகாரி ‘இல்லை’ என்று குறித்துவிட்டால், 51 விழுக்காடும் சாதிச் சான்றும் உத்யம் எண்ணும் அந்த ஒப்பந்தப்புள்ளியில் செல்லாது. அரசுக்கு விற்ற அனுபவம் இருந்தால்தான் அரசுக்கு விற்க முடியும் என்ற நிபந்தனை, இதுவரை விற்க விடப்படாதவரைத் தொடர்ந்து வெளியே வைக்கிறது. இந்த ‘இல்லை’-க்குக் காரணம் எழுத வேண்டிய கட்டாயமும் நடைமுறையில் இல்லை.

பிறகு விலை. குறு, சிறு நிறுவனத்தின் விலை, மிகக் குறைந்த விலையைவிட 15 விழுக்காட்டுக்குள் கூடுதலாக இருந்தால், அந்தக் குறைந்த விலைக்கு இறங்கி வந்து ஒரு பகுதியை வழங்க வாய்ப்பளிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, பெரிய நிறுவனம் ஒரு பொருளுக்கு 100 ரூபாய் கேட்கிறது, தலித் நிறுவனம் 112 கேட்கிறது என்று கொள்வோம். 112-க்கு வாங்க மாட்டார்கள். 100-க்குத் தர முடியுமா என்று கேட்பார்கள். முடியுமென்றால் மொத்த அளவில் 25 விழுக்காடு வரை கிடைக்கும். 15 விழுக்காட்டு எல்லைக்குள் வேறு குறு, சிறு நிறுவனங்கள் இருந்தால் அதையும் பகிர வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கென்று கூடுதல் விலைச் சலுகை எதுவும் கிடையாது. மூலப்பொருளைச் சில்லறையாக வாங்கி, கூடுதல் வட்டிக்குக் கடன் பெற்று உற்பத்தி செய்பவரின் அடக்கவிலை இயல்பாகவே அதிகம். அந்தப் 12 ரூபாய் வேறுபாட்டை அவர் தம் கையிலிருந்து கொடுத்தால் அரசு அவருக்கு உதவியதாகக் கணக்கு எழுதும்.

‘சிறு’ என்ற சொல்லின் எல்லையும் நகர்ந்திருக்கிறது. 2020 வரையறையில் சிறு நிறுவனம் என்பது 10 கோடி ரூபாய் முதலீடு, 50 கோடி விற்றுமுதலுக்கு உட்பட்டது. 2025 ஏப்ரல் 1 முதல் அது 25 கோடி, 100 கோடி. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 73ஆவது சுற்றின்படி, 2015-16-இல் குறு நிறுவனங்களில் 12.48 விழுக்காடு பட்டியல் சாதியினருடையவை. சிறு நிறுவனங்களில் அது 5.5 விழுக்காடாகச் சரிகிறது. மேலே போகப் போக நாம் குறைகிறோம். 100 கோடி விற்றுமுதல் உள்ளவரும் இரண்டு தையல் இயந்திரம் வைத்திருப்பவரும் ஒரே 25 விழுக்காட்டுக்குள் போட்டியிடும்போது, எல்லையை உயர்த்தியதன் பயன் யாருக்குப் போகும் என்பதைக் கணிக்கப் பொருளியல் அறிவு தேவையில்லை.

ஆணையில் உள்ள வெளியேறும் வழி

இலக்கு ஏன் எட்டப்படவில்லை என்ற கேள்விக்கு ஆணையின் உள்ளேயே ஒரு விடை இருக்கிறது. 4 விழுக்காட்டைக் கூறும் பிரிவை அடுத்து ஒரு வரம்புரை வருகிறது. பட்டியல் சாதி, பழங்குடி நிறுவனங்கள் பங்கேற்கத் தவறினாலோ, ஒப்பந்தப்புள்ளியின் தேவைகளையும் மிகக் குறைந்த விலையையும் நிறைவு செய்யத் தவறினாலோ, அந்த 4 விழுக்காட்டைப் பிற குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம்.

அரசு வேலை இடஒதுக்கீட்டில் நிரப்பப்படாத இடங்களைப் பின்னடைவுப் பணியிடங்களாக அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லும் ஏற்பாட்டுக்காக எவ்வளவு போராட்டம் நடந்தது என்பதை வாசகர்கள் அறிவார்கள். கொள்முதலில் அத்தகைய ஏற்பாடே இல்லை. மார்ச் 31 அன்று மீதமிருப்பது அன்றே மறைகிறது. ‘ஒப்பந்தப்புள்ளியின் தேவைகள்’ எவை என்று எழுதுபவரும், அவை நிறைவேறவில்லை என்று முடிவு செய்பவரும் ஒரே வாங்கும் அமைப்பினர். தவறினால் தண்டனை என்று ஆணையில் எதுவும் இல்லை.

இந்த ஆணை மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. கட்டுமானப் பணி ஒப்பந்தங்களுக்கும் பொருந்தாது. கர்நாடகம் 2017-இல் தன் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தைத் திருத்தி, 50 இலட்ச ரூபாய் வரையிலான பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 17.15, பழங்குடியினருக்கு 6.95 விழுக்காடு ஒதுக்கியது. 2023-இல் வரம்பை 1 கோடியாக உயர்த்தியது. மக்கள்தொகை விகிதத்தை ஒட்டிய எண்ணைச் சட்டத்திலேயே எழுத முடியும் என்பதற்கு அது சான்று. தமிழ்நாட்டின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மூலதன மானியமும், 1.5 கோடி ரூபாய் என்ற உச்சவரம்பும், 6 விழுக்காடு வட்டி மானியமும் தருகிறது. இயந்திரம் வாங்க உதவும் நல்ல திட்டம். அந்த இயந்திரத்தில் செய்த பொருளை வாங்க மாநிலத் துறைகளுக்கு எந்த அளவு கடமை உண்டு என்பதையும் அரசு சட்டத்தில் எழுதினால்தான் மானியம் கடனாக மாறாமல் இருக்கும்.

ஒன்றிய ஆணையைப் பொறுத்தவரை நாங்கள் கோருவது மூன்று. வெளியேறும் வழியைத் தரும் வரம்புரையை நீக்கி, எட்டாத அளவை அடுத்த ஆண்டுக்குச் சேர்க்க வேண்டும். அனுபவ, விற்றுமுதல் விலக்கைக் கட்டாயமாக்கி, மறுப்பவர் காரணத்தை எழுத்தில் வெளியிட வேண்டும். 51 விழுக்காட்டோடு கட்டுப்பாட்டையும் சோதித்து, கூட்டுறவுச் சங்கத்தையும் உரிமையாளர் வரையறையில் சேர்க்க வேண்டும்.

அதுவரை விண்ணப்பிப்போருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். கூட்டாண்மைப் பத்திரத்தில் பங்கு விழுக்காடு எண்ணாகவும் எழுத்தாகவும் இருக்கட்டும். நிறுவனப் பங்குப் பதிவேட்டின் நகலையும் பங்குநிலை குறித்த பட்டயக் கணக்கர் சான்றையும் கையில் வைத்திருங்கள். வேலைக்கூலிப் பட்டறை நடத்துபவர்கள், சிறு அளவிலாவது சொந்தப் பெயரில் ஒரு பொருளைச் செய்து சோதனை அறிக்கை பெறுங்கள். சோதனைக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறத் தேசிய பட்டியல் சாதி, பழங்குடியினர் மையத்தில் வழி உண்டு. வாங்கிய துறை பணம் தராமல் இழுத்தால், 45 நாள்களுக்குப் பிறகு வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டியோடு கேட்கச் சட்டம் உரிமை தருகிறது. இதற்கான இணையதளத்தில் முறையிடலாம். விலக்கு ‘இல்லை’ என்று குறிக்கப்பட்ட ஒப்பந்தப்புள்ளியைக் கண்டால், அந்தப் பக்கத்தை அன்றே பதிவிறக்கி, ஒப்பந்தப்புள்ளி எண்ணோடும் நாளோடும் சேமித்துவையுங்கள். கடைசி நாளுக்கு முன்பே வாங்கும் அமைப்புக்கு எழுத்தில் விளக்கம் கேளுங்கள். பின்னர் அமைச்சகத்தின் குறைதீர்ப் பிரிவுக்குச் சென்றாலும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு செய்தாலும் முதலில் கேட்கப்படுவது அந்தக் கடிதத்தின் நகல்தான்.